பொய் சொல்லி அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஏற்காடு வட்டத்தில் ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. மலையாளி பழங்குடிச் சமூகம். நான் சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 44 வயது, காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. ஐந்து மாதமாக மாதவிலக்குக்கு இடையிலும் இரத்தம் போகிறது, வெள்ளைப்படுதலில் நாற்றம் இருக்கிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி என்று எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். பதினொரு வருடம் முன்பு தம்பி பிறந்தபோது, அவரிடம் சொல்லாமலே காப்பர் டி என்னும் கருத்தடைச் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து வயிற்றுவலிக்குக் காட்டப் போன வேறோர் இடத்தில்தான் அது தெரியவந்தது, எடுத்தார்கள். பிரசவ அறையில் தொடையில் அடித்ததையும், ‘மலைக்காரிக்கு என்ன தெரியும்’ என்று பேசியதையும் இன்றும் சொல்கிறார். கிராம சுகாதார செவிலியர் வந்தால் தோட்டத்துக்குள் போய்விடுகிறார். படிப்பில்லாததால்தான் இப்படிப் பயப்படுகிறாரா? ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிச் சேலத்துக்கு அழைத்து வந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாமா? அன்று நடந்ததற்கு இப்போது புகார் கொடுக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு மகப்பேறு மருத்துவராக, முதலில் அம்மாவின் உடல்நிலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்குக்கு இடையில் ஐந்து மாதமாக இரத்தப்போக்கும், அதோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் இருக்கும் ஒரு பெண்ணைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. காரணம் கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம், கர்ப்பப்பை வாயில் வளர்ந்த சிறு சதையாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம், மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டிய ஹார்மோன் மாற்றமாகவோ தைராய்டு கோளாறாகவோ இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை மருந்திலோ சிறு சிகிச்சையிலோ சரியாகக் கூடியவை. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இதே அறிகுறிகளோடுதான் வருகிறது; இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படுவது அதுதான். கண்ணால் பார்க்காமல், தேவைப்பட்டால் சிறிது திசு எடுத்துச் சோதிக்காமல், இது இன்னதென்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பார்த்தால் இரத்தசோகையும் இருக்கக்கூடும். எனவே இரண்டு வாரத்துக்குள் பரிசோதனை நடந்தாக வேண்டும். மணிக்கு ஒரு துணி நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, மயக்கம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நாள் பார்க்காமல் உடனே 108க்கு அழையுங்கள்.

இத்தனை அவசரம் இருந்தும், கோயிலுக்கு என்று சொல்லி அழைத்து வர வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. தாயைக் காப்பாற்றத் துடிக்கும் மகள் வேறு வழி தெரியாமல் யோசித்த வழி அது. ஆனால் அம்மாவுக்கு மருத்துவமனை என்பதன் பொருள் என்ன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தன்னிடம் சொல்லாமல் தன் உடம்புக்குள் கை வைத்த இடம் அது. இப்போது பெற்ற மகளே சொல்லாமல் அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், அவருடைய அனுபவம் இரண்டாம் முறை உறுதியாகும். முதல் நாள் பரிசோதனைக்கு ஒருவேளை உட்கார்ந்துவிடுவார். திசுப் பரிசோதனை முடிவை வாங்க, மறுபடி காட்ட, சிகிச்சை தேவைப்பட்டால் வாரக்கணக்கில் வந்து போக அவர் மனம் ஒப்ப வேண்டுமே, அதற்கு என்ன செய்வீர்கள்? ஒரு நாளில் முடிகிற நோயாக இருந்தால் பொய்யால் ஏதாவது பயன் இருக்கலாம். இது அப்படிப்பட்டதன்று. மேலும், மலையிலிருந்து அவர் நம்பி இறங்கி வரக்கூடிய ஒரே துணை நீங்கள்தான். அந்த நம்பிக்கையை இதில் செலவழித்துவிடாதீர்கள்.

படிப்பில்லாததால் பயப்படுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் நடந்ததை நினைவில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் துறையில் ‘மலையிலிருந்து வருகிறவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், விழிப்புணர்வு இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குறை முழுவதையும் அந்தப் பெண்ணின் அறியாமையில் ஏற்றிவிட்டால் மருத்துவமனை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. பிரசவ அறைகளில் நான் கண்ணால் பார்த்த ஒரு காட்சி உண்டு: வலியில் கிடக்கும் பெண்ணின் முன் ஒப்புதல் படிவம் மடித்து நீட்டப்படும், எழுத்துகள் மடிப்புக்குள் போயிருக்கும், கையொப்பமிடும் கோடு மட்டும் வெளியே தெரியும், மை தடவிய பெருவிரலைச் செவிலியரே பிடித்து அழுத்துவார், பிறகு அதே விரலைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அந்தப் பெண் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஏட்டில் ஒப்புதல் இருக்கும்.

பெரும்பான்மைச் சமூகத்தைச் சேராத பெண்களின் உடம்பு இப்படிக் கையாளப்பட்டது நம் ஊரில் மட்டும் நிகழ்ந்ததும் அன்று. அமெரிக்காவின் பூர்வகுடிப் பெண்களுக்கென்று அந்நாட்டு அரசே நடத்திய மருத்துவ சேவையில், 1973 முதல் 1976 வரை, பன்னிரண்டு பகுதிகளில் நான்கில் மட்டும் 3,406 கருத்தடை அறுவைகள் நடந்திருப்பதையும், ஒப்புதல் படிவங்கள் விதிப்படி இல்லாததையும் அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் 1976இல் அறிக்கையாகவே வெளியிட்டது. நம் நாட்டில் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், கைவிடப்பட்டிருந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்; பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டது. பிலாஸ்பூரில் உயிரிழந்தவர்கள் ஏழைப் பெண்கள்.

உங்கள் அம்மாவின் நிலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 2009இல், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி பள்ளி வயதுச் சிறுமிகளுக்குச் சோதனைத் திட்டமாகப் போடப்பட்டது. கம்மத்தில் அவர்களில் பலர் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தது பின்னர் தெரிந்தது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி பரவியதும் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணையில் கூறப்பட்டது. ஒப்புதல் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், இன்றும் நான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் கேட்காமல் கொடுத்த காரணத்தால், புற்றுநோயைத் தடுக்கும் அந்த ஊசியே பல ஆண்டுகள் நம் நாட்டில் ஐயத்துக்குரிய பொருளாகிப் போனது. அந்த இழப்பைச் சுமந்தவர்களும் பெண்களே.

படிப்பும் பணமும் இருந்தால் நிலைமை மாறிவிடுமா என்றால், முழுவதும் மாறுவதில்லை. உலகப் புகழ்பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சுத்திணறல் வந்து, தனக்கு முன்பே நுரையீரலில் இரத்தக்கட்டி வந்திருப்பதால் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்டபோது, வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்றே செவிலியர் முதலில் நினைத்திருக்கிறார். அவர் விடாமல் வற்புறுத்திய பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் கட்டிகள் இருந்தன. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பிரசவத்தை ஒட்டி இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்துவருகிறது. தன் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை என்று கண்டுகொண்ட பெண், அடுத்த முறை வலி வரும்போது சொல்லாமல் இருந்துவிடுகிறார். நோய் முற்றிய பின் வருகிறார். ‘இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்’ என்ற அதட்டல் அவருக்காகக் காத்திருக்கிறது. உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து வரும் பெண்களிடமும் இதே வட்டத்தைத்தான் பார்க்கிறேன். புறநோயாளிப் பிரிவில் நகரத்துப் பெண்ணை ‘வாங்க, உட்காருங்க’ என்னும் அதே வாய், கையில் பச்சை குத்திய, அழுக்குச் சேலை கட்டிய மலைப் பெண்ணை ‘ஏறிப் படு’ என்று சொல்வதை என் உடன்பணியாளர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை முகாம் நடத்தினாலும் அந்த ஒரு சொல் அத்தனையையும் அழித்துவிடும்.

இனி அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். வயிற்றுப் பிரச்சினையிலிருந்து தொடங்காதீர்கள்; அன்று நடந்ததிலிருந்து தொடங்குங்கள். ‘அம்மா, அன்னைக்கு உன்கிட்ட கேக்காம வெச்சது தப்பு. நீ பயப்படுறதுல தப்பே இல்ல’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். இதுவரை யாராவது அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்பதே ஐயம். ஒரு மகப்பேறு மருத்துவரே அது தவறு என்று எழுதியிருக்கிறார் என்றும் சொல்லுங்கள். பிறகு, எந்த மருத்துவமனை என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அன்று பிரசவம் நடந்த இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். பெண் மருத்துவர் எந்தெந்த நாளில் இருப்பார் என்று நீங்கள் முன்பே விசாரித்துவிட்டு அந்த நாளில் போங்கள். திசுப் பரிசோதனையோ மேல்சிகிச்சையோ தேவைப்பட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே காலையிலேயே வந்து ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும் என்பதால், முந்தின நாளே மலையிறங்கி உங்கள் அறையில் அவர் தங்குவது நல்லது. ஒரு நாள் கூலி போவதும் அவருக்குப் பெரிய தடை. அதை நீங்கள் ஈடுசெய்வதாகச் சொன்னால் போகாமல் இருக்க ஒரு காரணம் குறையும்.

அங்கே என்ன நடக்கும் என்பதை ஒன்று விடாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், விரலிலோ கையிலோ இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள், வயிற்றில் ஸ்கேன் எடுப்பார்கள். அதன்பின் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் பரிசோதனை. அம்மாவுக்கு மிகுந்த அச்சம் தரப்போவது இதுதான். வாத்தின் அலகு போல் விரியும் ஓர் எஃகுக் கருவியைப் பிறப்புறுப்புக்குள் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்ப்பார்கள். அதைப் பயன்படுத்தும் முன் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மா தொட்டுப் பார்க்கட்டும், அது எவ்வளவு விரியும் என்று அவரே திருகாணியைச் சுற்றிப் பார்க்கட்டும். எஃகு சில்லென்று இருந்தால் உடம்பு தானாக இறுகி வலி கூடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து வைக்கும்படி கேட்கலாம். மூச்சை மெல்ல வெளியே விட்டால் தசை தளரும். பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. ஆனால் உங்கள் அம்மாவைப் போல் அறிகுறி உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது. சந்தேகமான இடம் தெரிந்தால் திசு எடுக்க வேண்டும், அதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ‘நிறுத்துங்கள்’ என்று அம்மா சொன்னால் நிறுத்தியாக வேண்டும். இது சலுகையன்று, அவருடைய உரிமை.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்குள் இருக்கக்கூடும். மலையில் பல பெண்கள் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள். அதையும் வெற்று வதந்தி என்று நான் தள்ளமாட்டேன். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் பலருக்குத் தேவையின்றிக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட செய்தி 2019இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் கண்டுபிடித்தால், மாறிய பகுதியை மட்டும் உறையவைத்தோ சூடேற்றியோ வெட்டியெடுத்தோ நீக்கிவிட முடியும், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். தொற்றுக்கும் சதை வளர்ச்சிக்கும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. புற்றுநோய்தான் என்று உறுதியானால் மட்டும், அதன் நிலையைப் பொறுத்து அறுவையோ கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சையோ தேவைப்படும். அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். ‘எடுத்துவிடலாம், வயதாகிவிட்டதே’ என்று யாராவது எடுத்த எடுப்பில் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இந்த உரிமைகளை நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதலாகாது, என்ன செய்யப்போகிறோம், அதன் ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். அந்த வழக்கில் பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது அது செல்லாது என்பது தீர்ப்பு. சுயநினைவோடு இருக்கும் அம்மாவுக்காக மகளாகிய நீங்களும் கையெழுத்திட்டுவிட முடியாது என்பதை இதிலிருந்து மனத்தில் கொள்ளுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தின்படி, ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். நீங்கள் திரைக்கு உள்ளே, அம்மாவின் தலைமாட்டில் நிற்க விரும்புவதாகச் சொல்லுங்கள். பெருவிரல் ரேகை கேட்டால் தாளை முழுதாக விரித்து, வரிவரியாகப் படித்துக் காட்டி, அவர் ‘சரி’ என்ற பிறகு வைக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அம்மா வரமாட்டேன் என்றால், சண்டை போடாதீர்கள், கைவிடவும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்தவராக இருப்பார். கிராம சுகாதார செவிலியரிடம் நீங்கள் தனியே பேசி, அன்று நடந்ததை விளக்கி, இந்த முறை ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டுப் போகும்படி கேளுங்கள். அம்மா அஞ்சுவது அவரை அன்று. அவர் போட்டிருக்கும் சீருடையை. வந்தவர் சொன்னதை மட்டும் செய்துவிட்டு, வேறெதையும் தொடாமல் திரும்பினால், அதுவே அடுத்த பேச்சுக்கு இடம் தரும். ஊரில் நல்லபடியாகச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு பெண் இருந்தால், அவர் வந்து அம்மாவோடு பேசுவது என் கடிதத்தை விடப் பயன்படும். பச்சிலை மருந்து எதையாவது குடித்துவருகிறார் என்றால் அதற்காகத் திட்டாதீர்கள். என்ன குடிக்கிறார் என்று தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறப்புறுப்புக்குள் எதையும் வைக்கவோ உள்ளே கழுவவோ மட்டும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

புகார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினொரு ஆண்டு கடந்துவிட்டதால் சட்டப்படி எந்த வழி திறந்திருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு; சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காப்பர் டி எடுத்த இடத்தில் கொடுத்த சீட்டு வீட்டில் எங்காவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். புகார் தருவதா வேண்டாமா என்பதை அம்மா உடல் தேறிய பின் அவரே முடிவு செய்யட்டும். அவர் எந்த முடிவை எடுத்தாலும், இப்போது சிகிச்சை பெறும் அவருடைய உரிமை அதனால் குறையாது.